டோக்கியோ பசங்க பேர் எங்கேங்க?

ஒலிம்பிக் சின்னங்கள்னு பேச்சு வந்தாலே நம்மாளுங்க ஓட்ல் ஐஷர்ல ஆரம்பிச்சு அவர்லயே முடிச்சுடறாங்க. 1972 ம்யூனிக்குக்கு அவர் செஞ்ச உருவங்கள் அழகுதான், மறுக்கலை. கிடைக்கோடு, செங்குத்து, 45 டிகிரின்னு கட்டம் போட்டு, கை கால் எல்லாம் அதுக்குள்ளயே அடங்கும். ஆனா அதுக்கு எட்டு வருஷம் முன்னாடி நடந்த டோக்கியோவை மறந்துட்டா எப்படி?

1964-ல உலகம் பூரா இருந்து ஆளுங்க வர்றாங்க. ஜப்பானிய எழுத்து அவங்கள்ல முக்காவாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அத்தனை மொழியிலயும் பலகை வைக்க முடியுமா? வடிவமைப்புக்குப் பொறுப்பா இருந்த கட்சுமி மசாரு, இளம் டிசைனர்களைக் கூட்டி அகாசாகா அரண்மனையில உட்கார வச்சு வரைய வச்சார். விளையாட்டுகளுக்கு யமஷிடா யோஷிரோ வரைஞ்சது 20. கழிவறை, தொலைபேசி, முதலுதவி மாதிரி வசதிகளுக்கு 39. (வியன்னாவுல ஓட்டோ நியூராத் 1920-கள்லயே படமொழிக்கு விதை போட்டாச்சு, அது தனிக்கதை.)

வேலை முடிஞ்சதும் வரைஞ்சவங்ககிட்ட காப்புரிமை வேண்டாம்னு கையெழுத்து வாங்கிட்டார் கட்சுமி. இது சமுதாயத்தோட சொத்துங்கறது அவர் கட்சி. ஐஷரோட சின்னங்களுக்கு உரிமை எர்கோங்கற ஜெர்மன் விளக்குக் கம்பெனிகிட்ட போச்சு.

கட்சுமிக்குப் பெரிய மனசு, சரி. ஆனா அந்த மனசுக்குக் கையெழுத்துப் போட்டது சின்னப் பசங்க. காசு வேண்டாம்னவன் பேரும் வேண்டாம்னா சொன்னான்? டிசைன் வரலாறு எழுதறவங்க ம்யூனிக்குக்கு முன்னாடி ஒரு பக்கம் ஒதுக்கி அந்தப் பேர்களைப் போட்டா என்ன, காசா பணமா?