ஓவியம் படித்த பெண்ணுக்கு ஓர் அறை

சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியும், ஓவியக் கல்லூரியில்தான் சேருவேன் என்று அடம் பிடித்தாளாம். இவர் அழுது, மிரட்டி, கடைசியில் இன்ஜினியரிங்கில் சேர்த்து விட்டாராம். 'படம் வரைவதை லீவு நாளில் வைத்துக்கொள்ளட்டுமே, யார் வேண்டாம் என்றது?' என்று கேட்டிருந்தார்.

அந்தச் சகோதரியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெண்ணைப் பெற்றவளுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஓவியம் படித்து முடித்த ஒரு பெண்ணை வீட்டில் வைத்திருக்கும் தாய் நான். பயப்பட வேண்டிய இடம் கல்லூரி வாசல் இல்லை தோழிகளே, அதற்குப் பிறகு வருகிற வருஷங்கள்தான்.

எழும்பூரைத் தாண்டி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறதே அரசு கவின் கலைக் கல்லூரி, அதில்தான் என் மகள் படித்தாள். 1850ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்கிற வெள்ளைக்கார டாக்டர் ஆரம்பித்தது. மெரினாவில் நாலு பேர் பாறையைப் புரட்டுகிற உழைப்பாளர் சிலை இருக்கிறதல்லவா? அதைச் செய்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி இங்கே ரொம்ப காலம் பிரின்ஸிபாலாக இருந்தவர். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு வரையச் சொல்லி ஒரு செய்முறைத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். நாலு வருஷப் பட்டப் படிப்பு. ஓவியம், சிற்பம், துணி டிசைன், பீங்கான் என்று பிரிவுகள் உண்டு. அரசுக் கல்லூரி என்பதால், இன்ஜினியரிங்குக்கு நாம் கொட்டிக் கொடுக்கிற பணத்தோடு ஒப்பிட்டால் கட்டணம் ஒன்றுமேயில்லை. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலுக்கு ஒரு சீசன் டிக்கெட், அவ்வளவுதான். பேப்பர், கலர், பிரஷ் செலவுதான் கொஞ்சம் கடிக்கும்.

'நாலு வருஷம் அப்படி என்னதான் சொல்லித் தருவாங்க?' என்று எங்கள் தெருவில் கேட்காதவர்கள் கிடையாது. ஆரம்பத்தில் பானை, ஜாடி, மடித்துப் போட்ட துணி, மனுஷ உருவம். ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்து, தூங்குகிறவர்களையும் மூட்டை தூக்குகிறவர்களையும் நோட்டு நோட்டாக வரைந்தாள். அதெல்லாம் நமக்கும் புரிகிறது. போகப் போகத்தான் சங்கடம். 'என்ன வரையணும்னு சொல்றதை விட்டுட்டாங்கம்மா. ஏன் இதை வரைஞ்சேன்னு கேட்கிறாங்க' என்று வந்து நின்றாள். பாதி ராத்திரி வரை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். கை ஓடுவது ஒரு படிப்பு, தனக்கென்று சொல்ல என்ன இருக்கிறது என்று தேடுவது இன்னொரு படிப்பு. இந்த இரண்டாவதை லீவு நாளில் வைத்துக்கொள்ள முடியாது.

ஒருநாள் கொல்லைப்புறம் கிடந்த எங்கள் பழைய அம்மிக்கல்லைத் தேய்த்துக் கழுவினாள். அதன்மேல் மையைத் தடவி, காகிதத்தை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்தாள். எப்போதோ தெருவில் 'அம்மி கொத்தலையோ' என்று கூவி வந்தவர் உளியால் போட்ட புள்ளிகள் ஓரத்தில் கறுப்பாக விழுந்தன. நடுவில், அரைத்து அரைத்துப் பள்ளமான இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. என் கணவர் 'இதுக்கா நாலு வருஷம்?' என்று சிரித்தார். மாமியார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அந்த வெளிறின இடத்தில் விரலை வைத்து, 'இது நான் தேய்ச்சதுடி' என்றார். அதன் பிறகு, மாடர்ன் ஆர்ட் புரியவில்லை என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. (என் கணவர் மட்டும் இன்னும் சில சமயம் சொல்வார். விடுங்கள்.)

நம் வீட்டுச் சாமான்களுக்கும் அந்த உலகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்கிறோம். அதே கல்லூரியில் பிரின்ஸிபாலாக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1960களில் ஜாதகக் கட்டம், கணக்கு, எழுத்து மாதிரிக் கோடுகள் எல்லாவற்றையும் கலந்து ஒரு வரிசையே வரைந்தார். பெரிய பெரிய மியூசியங்கள் அவர் படங்களை வைத்திருக்கின்றன. அங்கே படித்த பெனிதா பெர்சியாள் என்கிற திருவண்ணாமலைப் பெண், சாம்பிராணி, பட்டை, கிராம்பு இவற்றையெல்லாம் சேர்த்து சிலைகள் செய்து, 2014ல் கொச்சி பினாலே கண்காட்சியில் வைத்தார். பினாலே என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று கணக்கு. உலகத்திலிருந்து ஆட்கள் வந்து பார்க்கிற இடம் அது. நம் அஞ்சறைப் பெட்டியும் பூஜை அலமாரியும்தானே அங்கே போய் நின்றது!

சரி, சாப்பாட்டுக்கு என்ன வழி? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக அக்கரை போய், ஈ.சி.ஆரில் வடக்கே திரும்பினால் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். பணிக்கரும், அவரிடம் படித்த ஓவியர்களும் 1966ல் உண்டாக்கியது. அவர்களிடம் ஏது பணம்? பாத்திக் துணி, தோல் சாமான் எல்லாம் செய்து விற்றார்கள். அந்தக் காசில்தான் வெறும் மணலும் சவுக்கும் இருந்த இடத்தில் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். அன்றாடப் பிழைப்புக்குக் கைவேலை, மீதிப் பொழுதில் ஓவியம். படம் விற்றுத்தான் சாப்பிட வேண்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. 2009லிருந்து அங்கே ஒரு மியூசியமும் இருக்கிறது. மகாபலிபுரத்துக்கு வண்டி கட்டுகிற நாம், வழியில் ஒரு மணி நேரம் இறங்கிப் பார்க்கலாம்.

அந்தக் கிராமத்தில் அர்னவாஸ், சிற்பி அனிலா ஜேக்கப் போல பெண்களும் இருந்தார்கள். ஆனால் எண்ணிப் பார்த்தால் ஆண்களே அதிகம். இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. பெண்களுக்கு வரைய வராதா? மார்கழியில் தெருவை அடைத்துக் கோலம் போடுகிறவர்கள் யார்?

டி.கே. பத்மினி என்று ஒருவர். 1940ல் கேரளத்தில் பொன்னானிப் பக்கம் பிறந்தவர். தாய்மாமா ஆதரவாக நின்றதால் சென்னைக்கு வந்து இதே கல்லூரியில் படித்தார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக வேலை பார்த்துக்கொண்டே வரைந்தார். 1969ல் பிரசவத்தில் போய்விட்டார், முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்தக் கொஞ்ச வருஷத்தில் அவர் வரைந்ததை வைத்து, இன்று வரை அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். மலையாளத்தில் அவர் வாழ்க்கையை சினிமாவாகவே எடுத்திருக்கிறார்கள். நான் நினைப்பதெல்லாம் அந்த மாமாவைத்தான். 1960களில் ஒரு கிராமத்துப் பெண்ணை ஓவியம் படிக்க மெட்ராஸுக்கு அனுப்ப ஒரு ஆள் துணிந்திருக்கிறார். நமக்கு அந்தத் துணிச்சல் பட்டம் வாங்குகிற நாளோடு தீர்ந்துபோகிறது.

என் மகளோடு படித்த பெண்களில் பலருக்கு உடனே கல்யாணம். நல்ல வரன்கள்தான், நல்ல மாமியார்கள்தான். யாரும் பிரஷ்ஷைப் பிடுங்கி எறியவில்லை. வரைய இடமில்லை, அவ்வளவுதான். ஹாலில் விரித்தால் விருந்தாளி வருவார்கள். படுக்கையறையில் வைத்தால் டர்பன்டைன் நாற்றம் குழந்தைக்கு ஆகாது. ஆறடிப் படம் வரைந்த பெண் இப்போது பிறந்தநாள் கார்டில் பூ வரைகிறாள். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலு வருஷம் அவள் தேடினது அது இல்லையே! கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியில் ஓவியர்களுக்கென்று பட்டறைகள் இருக்கின்றன. அச்சு எடுக்கிற பெரிய மெஷின்கூட உண்டு. கைக்குழந்தையோடு செம்பாக்கத்திலிருந்து தினமும் அங்கே போய் வர எந்த மருமகளுக்கு முடியும்?

ஒரு கலைஞருக்குத் தன் வழி பிடிபட, படிப்பு முடிந்து பத்து வருஷம்கூட ஆகலாம் என்று அவளுடைய வாத்தியார் ஒருவர் சொன்னார். அந்தப் பத்து வருஷம்தான் நம் பெண்களுக்குக் கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம். எதையும் தள்ளிப் போடச் சொல்லவில்லை நான். நகைக்கும் சீர்வரிசைக்கும் மணிக்கணக்கில் பேசுகிறோமே, அதில் ஐந்து நிமிஷம் இதையும் பேசுங்கள் என்கிறேன்.

என் மகளுக்கு இப்போது வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். காலையில் ஒரு பள்ளியில் டிராயிங் சொல்லித் தருகிறாள், மதியத்துக்கு மேல் மொட்டை மாடி ஷெட்டில் தன் வேலை. ஜாதகம் கொடுக்கும்போதே, வெளிச்சம் வருகிற ஒரு அறையும், தினம் மூன்று மணி நேரமும் அவளுக்கு வேண்டும் என்று சொல்லி விடுகிறோம். முதல் இரண்டு இடம் அதற்குப் பிறகு போனே பண்ணவில்லை. மூன்றாவது இடத்தில், பையனின் அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'எவ்வளவு பெரிய அறைங்க வேணும்?' என்று கேட்டார்கள். பேசிக்கொண்டிருக்கிறோம்.

- ஓர் இல்லத்தரசி, சேலையூர்