செந்நாயைப் பற்றி நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன்

பதிவு கொஞ்சம் நீளம். காபி குடித்துக்கொண்டே நிதானமாகப் படியுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் மகள் குடும்பத்தோடு முதுமலை போயிருந்தேன். தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வண்டியில் காலைச் சவாரி. ஒரு திருப்பத்தில் டிரைவர் சட்டென்று எஞ்சினை அணைத்தார். பாதையோரம் ஒரு புள்ளிமானைச் செந்நாய்கள் தின்றுகொண்டிருந்தன. நான் ஏழு எண்ணினேன், பேத்தி எட்டு என்றாள். செங்கல் நிறம், கருத்த அடர்ந்த வால். குரைப்பே இல்லை. தூரத்தில் ஒன்று சீழ்க்கை அடிப்பது போல் ஒரு சத்தம் கொடுத்தது. வண்டியில் முன்சீட்டில் இருந்தவர் "புலி எங்கப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பேத்தி எடுத்த வீடியோவைக் குடும்ப குரூப்பில் போட்டேன். தி.நகர் நாத்தனார், "ஐயோ பாவம் மான்" என்று அழுகிற பொம்மை போட்டார். அடையாறு தம்பி, "கார்ப்பரேஷன் நாய் வண்டியை அங்கே அனுப்பணும்" என்றான். இன்னொருவர், பெயர் வேண்டாம், "இந்த வெறி பிடித்ததுகளைச் சுட்டுத் தள்ளணும்" என்று எழுதியிருந்தார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் நானும் வகுப்பில் ஏறக்குறைய அதைத்தான் சொன்னேன். ஐந்தாம் வகுப்பு. பாண்டி பஜாரில் வாங்கிய காட்டு விலங்குகள் சார்ட்டைக் கரும்பலகையில் மாட்டியிருந்தேன். அதில் புலி, சிங்கம், யானை, கரடி எல்லாம் உண்டு, செந்நாய் கிடையாது. ஒரு பையன் செந்நாய் எப்படி இருக்கும் என்று கேட்டான். "அது ரொம்பக் கொடூரமானது, உயிரோடு கடித்துத் தின்னும், இரக்கமே கிடையாது" என்றேன். "புலியும்தானே மிஸ் கொல்லுது?" என்றான். உட்காரச் சொல்லிவிட்டேன். பதில் தெரியாததை மறைக்க நாங்கள் கையாளும் பழைய வழி அது!

இப்போது தெரிந்த பதிலைச் சொல்கிறேன். புலிக்குப் பெரிய வாய், தொண்டையைப் பிடித்து நெரித்துவிடும். செந்நாயின் எடையே பதினைந்து இருபது கிலோதான். ஒற்றை ஆளாக ஒரு கடமானைச் சாய்க்க முடியாது. அதனால் கூட்டமாகத் துரத்தி, ஒன்று மூக்கைப் பிடிக்க, மற்றவை விலாவிலும் பின்பக்கத்திலும் பாயும். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அது குரூரம் இல்லை, உடம்பு அமைந்த விதம்.

குரூப்பில் யாரும் கவனிக்காத ஒன்று அந்த வீடியோவிலேயே இருக்கிறது. முதலில் தின்றவை அரைவளர்ச்சிக் குட்டிகள். பெரியவை தள்ளி நின்று சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருந்தன. குட்டிகள் குகையில் இருக்கும் காலத்தில் ஒன்றிரண்டு காவலுக்கு இருந்துவிடும். வேட்டைக்குப் போனவை திரும்பி வந்து தின்றதைக் கக்கிக் குட்டிகளுக்கும் தாய்க்கும் ஊட்டும். நம் கூட்டுக் குடும்பங்களில் எத்தனை பேர் இப்படி இருந்தோம் என்று நான் கேட்க மாட்டேன், வம்பு வரும்.

இதையெல்லாம் காட்டில் உட்கார்ந்து பார்த்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் நம் நாங்குநேரிக்காரர், ஏ.ஜே.டி. ஜான்சிங். சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் வாத்தியாராக இருந்தவர். 1970களில், முதுமலையை ஒட்டிய பந்திப்பூர்க் காட்டில், செந்நாய்களின் பின்னாலேயே நடந்து ஆராய்ச்சி செய்தார். 2024இல் காலமானார். ஒரு வாத்தியார் காட்டுக்குப் போய்க் கண்ணால் பார்த்ததை, இன்னொரு வாத்தியார் சென்னையில் உட்கார்ந்துகொண்டு தெரிந்துகொள்ளவே இல்லை. அந்த இரண்டாவது ஆள் நான்தான்.

நான் மட்டும் இல்லை என்பது ஒரு அற்ப ஆறுதல். கிப்ளிங் 1895இல் வந்த இரண்டாம் ஜங்கிள் புத்தகத்தில் செந்நாயை ஊரழிக்கும் படையாகவே காட்டினார். வெள்ளைக்காரர் காலத்தில் செந்நாயைக் கொன்றால் தலைக்கு இவ்வளவு என்று சன்மானம். மானைத் தின்று தீர்த்துவிடும், அப்புறம் துரைகள் எதைச் சுடுவது? சுதந்திரத்துக்குப் பின்னும் அந்த வழக்கம் ஓயவில்லை. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துதான் பாதுகாப்பு கிடைத்தது. இத்தனைக்கும் நம் சங்கப் பாடல்களில், பாலைத் திணையில், செந்நாய் எத்தனை இடத்தில் வருகிறது! தமிழ் வகுப்பில் அதற்கு அருஞ்சொற்பொருள் மட்டும் எழுதிப் போட்டுவிட்டுத் தாண்டினேன்.

இப்போது கணக்குப் பாடம். 2022 கணக்கெடுப்பில் இந்தியாவில் புலிகள் சராசரி 3,682. சந்தோஷம். செந்நாய் உலகம் முழுக்கச் சேர்த்தே, இனப்பெருக்கம் செய்யும் நிலையில் இருப்பவை 949 முதல் 2,215 வரைதான் என்பது சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் 2015 மதிப்பீடு. இரண்டும் ஒரே முறையில் எண்ணியவை அல்ல, ஒப்பிடும்போது அதை மறக்காதீர்கள். செந்நாய்க் கூட்டத்தில் பெரும்பாலும் ஒரு ஜோடிதான் குட்டி போடும், மற்றவை வளர்க்க உதவும். அதனால்தான் அந்த எண் இவ்வளவு சின்னது. ஒரு கூட்டம் போனால் ஒரு குடும்பமே போனது மாதிரி.

காடு துண்டாவது, மான் குறைவது எல்லாம் தெரிந்த காரணங்கள். எனக்குக் கவலை நாட்டு நாய்களிடமிருந்து வரும் நோய். செந்நாய் நம் தெருநாய்க்கு அண்ணன் தம்பி இல்லை, தூரத்துச் சொந்தம், வேறு பேரினம். ஆனாலும் வெறிநோயும் டிஸ்டெம்பரும் இரண்டையும் தாக்கும். ஆப்பிரிக்காவில் இதே மாதிரி கூட்டமாக வாழும் காட்டுநாய் இருக்கிறது, உடம்பெல்லாம் திட்டுத் திட்டாக வண்ணம். மிச்சம் சுமார் 6,600. செரங்கெட்டியில் ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து பார்த்து வந்த கூட்டங்கள் 1991இல் இல்லாமலே போயின. அதற்கு இந்த நோய்கள்மீதுதான் பலருக்கும் சந்தேகம்.

என் கருத்து இதுதான். புலி பார்க்க நாம் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு மசினகுடி, கூடலூர்ப் பக்கத்து ஊர்நாய்களின் தடுப்பூசிக்குப் போகட்டும். வெறிநோய்க்கு மட்டும் போதாது, டிஸ்டெம்பருக்கும் போட வேண்டும். புலிக்குக் காப்பகம் அமைத்தோம், அதே காட்டில் வாழும் செந்நாய்க்கு ஒரு ஊசிச் செலவு பெரிதா? உங்களில் நிறையப் பேர் லீவுக்கு வளர்ப்பு நாயோடு மலை ரிசார்ட்டுக்குப் போகிறீர்கள், ஃபேஸ்புக்கில் பார்க்கிறேன். தடுப்பூசி அட்டையைச் சரிபார்த்துவிட்டுப் போங்கள். மிச்ச பிரியாணியைச் சாலையோரம் வீசாதீர்கள், ஊர்நாய் அதற்காகத்தான் காட்டு ஓரம் வருகிறது. செந்நாயைப் பார்த்தால் ஹாரன் அடித்து எழுப்பாதீர்கள். பயந்து இரையை விட்டுப் போனால் குட்டிகள் அன்றைக்குப் பட்டினி.

தம்பியிடம் ஃபோனில் இதையெல்லாம் சொன்னேன். "சரிக்கா, வண்டி அனுப்பலை" என்றான்.

அந்த ஐந்தாம் வகுப்புப் பையன் முகம் நினைவிருக்கிறது, பெயர் நினைவில்லை. இரண்டாவது பெஞ்ச், ஜன்னல் பக்கம். நீ இதைப் படித்தால் கீழே எழுதுப்பா. நீ கேட்டது சரியான கேள்வி.