கொட்டகையின் மூன்று படிகள்

சென்ற மாதம் என் பழைய மாணாக்கன் ஒருவனை அழைத்துக்கொண்டு, பக்கத்து நகரிலுள்ள பழைய சினிமாக் கொட்டகை ஒன்றுக்குப் போயிருந்தேன். பட்டாசு விபத்தில் சுவர் இடிந்து விழுந்து, இரு கால்களும் சுவாதீனம் இழந்தவன் அவன். எங்கள் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் இது அபூர்வமான சமாசாரம் அல்ல. 2021-ஆம் வருஷம் பிப்ரவரி 12-ஆம் தேதி, அருகிலுள்ள அச்சங்குளத்தில் நேர்ந்த வெடி விபத்தில் மட்டும் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். மாண்டவர்களுக்காக ஊர் அழுகிறது, பிழைத்தவர்களை மறந்துவிடுகிறது.

கொட்டகை வாசலில் மூன்று படிகள். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. நான்கு பேர் சக்கர நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். இடைவேளையில் பையன், "ஸார், மூட்டையைத் தூக்குவது போல் தூக்கினார்கள். இனிமேல் படமே வேண்டாம்" என்றான்.

கொட்டகையைப் புதுப்பித்து, பக்கத்தில் இன்னொரு சிறு அரங்கமும் கட்டப் போவதாக முதலாளி சொன்னார். படிகளைப் பற்றிக் கேட்டேன். "அவை பழைய கட்டடத்தின் அழகு அல்லவா? தொடக்கூடாது" என்றார்.

பழமையைப் போற்றும் குணம் உத்தமமானதே. ஆனால் நமது சினிமாவின் பழமை எது? 1905-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற ரயில்வே உத்தியோகஸ்தர், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். கூடாரத்துக்குப் படி ஏது? தவழ்ந்து வந்தவனும் மணலில் உட்கார்ந்து பார்க்கலாம். பிறகு 1914-ல் அவரே கோயமுத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். கட்டடங்கள் எழும்பின, கூடவே படிகளும் எழும்பின. ஆகவே, படியில்லாத வாசல்தான் நமது ஆதிப் பழமை!

சென்னை மவுண்ட் ரோட்டில் 1913-ல் வார்விக் மேஜர் அமைத்த எலெக்ட்ரிக் தியேட்டர் இரண்டே வருஷத்தில் தபால் இலாகாவின் கைக்குப் போயிற்று. இன்று அது தபால்தலை நிலையமாக இருக்கிறது. கட்டடம் பிழைத்தது, சினிமா பிழைக்கவில்லை. அதே 1913-ல் ஸ்காத்லாந்திலுள்ள காம்பெல்டவுன் என்ற சிற்றூரில் ஒரு சினிமா திறக்கப்பட்டது. அங்கே ஐயாயிரம் பேருக்குமேல் அதிகமாக ஜனங்கள் இல்லை. நொடித்துப்போன கொட்டகையை ஊரார் சேர்ந்து தங்கள் உடைமையாக்கிக் கொண்டார்கள். திரையின் இருபுறமும் உள்ள சிறு வீடுகள் போன்ற பழைய வேலைப்பாடுகளைச் செம்மை செய்து, பக்கத்தில் இரண்டாவது அரங்கமும் இணைத்து 2017-ல் மீண்டும் திறந்தார்கள். சிற்றூரால் முடிந்தது நம்மால் முடியாதா?

மறுநாள் அளவு நாடாவுடன் அந்தக் கொட்டகைக்குப் போனேன். மூன்று படிகளின் மொத்த உயரம் பதினெட்டு அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது சரிவுப் பாதையின் கணக்கு. ஆகப் பதினெட்டு அடி வேண்டும். பக்கச் சந்தில் இருபத்து நான்கு அடி இருக்கிறது! முன்படியில் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்க வேண்டாம். புதிய அரங்கத்தின் வாசலைத் தரைமட்டத்தில் வைத்து, அதிலேயே அகலமான கழிப்பறையையும் சேர்த்துவிட்டால் பழைய பாகத்தின் சங்கடம் பாதி தீரும். சக்கர நாற்காலிக்கு இடம் விடும்போது, முதல் வரிசையில் கழுத்து வலிக்க விடாமல், நடுவில் துணைக்கு வந்தவர் பக்கத்தில் விடுவது நியாயம்.

இது தர்ம கைங்கரியம் மட்டுமல்ல, சட்டமும்கூட. தனியார் கட்டடமாயினும், பொதுஜனங்கள் புழங்குமிடம் எல்லோரும் நுழையத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பழைய கட்டடங்களுக்கு அது கொடுத்த ஐந்து வருஷக் கெடுவும் தீர்ந்துவிட்டது. காது கேளாதோருக்கு எழுத்து வரிகளும் பார்வையற்றோருக்கு ஒலி வர்ணனையும் ஏற்படுத்துவது பற்றி மத்திய சர்க்கார் 2024-ல் நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது.

என் கணக்கை முதலாளியிடம் கொடுத்தேன். "யோசிக்கிறேன்" என்றார். நல்லவர், யோசிப்பார் என்றே நம்புகிறேன்.

தேசம் சுதந்திரம் அடைந்தபோது வாசல்கள் எல்லோருக்கும் திறந்துவிட்டதாக எண்ணினோம். என் மாணாக்கன் கேட்பது பெரிய விஷயமல்ல. தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிப் போய், தன் காசில் டிக்கெட் வாங்கி, யாரும் திரும்பிப் பாராமல் இருட்டில் உட்கார வேண்டுமாம். அதற்குப் பதினெட்டு அடி போதும்.