இணைய விற்பனைத் தரகு: இடைநிலை நிறுவனமா, சொந்தத் திட்டமா? தாராவி வணிகர்கள் முன்னுள்ள கணக்கு

மும்பை: தாராவித் தோல் பைகள் கடைவீதியைத் தாண்டி இணையத்திலும் விற்பனையாகின்றன. பரிந்துரை இணைப்பு வழியாகப் பொருள் விற்றால், பரிந்துரைத்தவருக்குத் தரகு வழங்குவது ‘அஃபிலியேட்’ முறை. அமேசான் 1996-இல் இதற்கெனச் சொந்தத் திட்டம் தொடங்கியது. சிறு வணிகருக்கு இரு வழிகள் உண்டு: பரிந்துரையாளர்களை ஒருங்கிணைக்கும் இடைநிலை நிறுவனத்தில் சேர்வது அல்லது தாமே திட்டம் நடத்துவது.

ரூ.2,000 விலையுள்ள பைக்கு 10 சதவீதத் தரகு எனில் ரூ.200 ஆகும். அதில் 30 சதவீதத்தை இடைநிலை நிறுவனம் கட்டணமாகக் கேட்டால், மேலும் ரூ.60 செலவாகும். குறைந்த இலாபத்தில் இயங்கும் பட்டறைக்கு இது சிறு தொகையன்று.

ஆயினும் சொந்தத் திட்டத்தில் கண்காணிப்பு, பட்டுவாடா, வரிப் பிடித்தம் அனைத்தும் வணிகரின் பொறுப்பு. முந்தைய ஆண்டு விற்றுமுதல் ரூ.1 கோடியைக் கடந்த வணிகர், ஒருவருக்கு வழங்கும் ஆண்டுத் தரகு ரூ.20,000-ஐத் தாண்டினால் 2 சதவீத வரி பிடித்தம் செய்ய வேண்டும். விற்ற பொருள் திரும்பி வந்தால், கொடுத்த தரகை மீட்பதும் எளிதன்று.

எனவே, மாட்டுங்கா, செம்பூர் போன்ற பகுதிகளில் அறிமுகமான சில பரிந்துரையாளர்களே போதும் எனில் சொந்தத் திட்டமே சிக்கனம். அங்கும் பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிந்த பின்னரே தரகு வழங்குவது பாதுகாப்பானது. அறிமுகமற்ற நகரங்களில் வாடிக்கையாளரைத் தேடும் வணிகருக்கே அந்த ரூ.60 பயனுள்ள செலவாகும்.