அடிக்கடி வருவது நோயாளியின் குற்றமல்ல

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2011-ல் ஒரு விதி கொண்டுவந்தது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டில் உள்ளவர்கள் 'அவசரமற்ற' காரணங்களுக்காக ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால், அந்தச் செலவை அரசு ஏற்காது என்றது. எவையெல்லாம் அவசரமற்றவை என்று சுமார் 700 நோய்க்குறியீடுகளைப் பட்டியலும் போட்டது. நெஞ்சுவலி அந்தப் பட்டியலில் இருந்தது. மாரடைப்பா, வாயுத்தொல்லையா என்பது பரிசோதித்த பிறகுதானே தெரியும்? அவசர சிகிச்சை மருத்துவர்கள் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் தடுத்தது. அரசு அதைவிடக் கடுமையான திட்டத்தோடு திரும்பி வந்தது. 2012-ல் ஆளுநர் கிறிஸ்டீன் கிரெக்வார் அதையும் நிறுத்திவைத்தார்.

அதன்பின் மருத்துவர்களும் மருத்துவமனைகளும் அரசும் சேர்ந்து ஏழு நடைமுறைகளை வகுத்தன. அவற்றில் ஒன்று, மாநிலத்தின் அவசர சிகிச்சைப் பிரிவுகளை இணைக்கும் மென்பொருள். அடிக்கடி வரும் ஒருவரின் பெயரைப் பதிந்ததுமே மருத்துவருக்கு ஒரு குறிப்பு வந்துவிடும். இவர் அண்மையில் எந்தெந்த மருத்துவமனைக்குப் போனார், குடும்ப மருத்துவர் யார், இவருக்கென வகுத்த சிகிச்சைத் திட்டம் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். போன வாரம் வேறு ஊரில் எடுத்த சி.டி. ஸ்கேனை இன்று திரும்ப எடுக்க வேண்டியதில்லை. வலிமாத்திரையை யார் ஏற்கெனவே எழுதிக்கொடுத்தார் என்று ஊகிக்கவும் வேண்டியதில்லை.

முதல் ஆண்டிலேயே மெடிக்கெய்ட் பயனாளிகளின் அவசரப் பிரிவு வருகை 9.9 சதவீதம் குறைந்தது. ஆண்டுக்கு ஐந்து முறையும் அதற்கு மேலும் வருவோரின் வருகை 10.7 சதவீதம் இறங்கியது. கதவை அடைக்காமலேயே கிடைத்த பலன் இது. இந்த வழியையே நாம் ஆதரிக்கிறோம்.

ஆனால், பலன் முழுவதையும் மென்பொருளின் கணக்கில் எழுதக்கூடாது. சிகிச்சைத் திட்டத்தை எழுதியவர்கள் மனிதர்கள். சில நாட்களுக்குள் குடும்ப மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிக்கொடுப்பதும் அந்த ஏற்பாட்டில் அடக்கம். இதையெல்லாம் விட்டுவிட்டு மென்பொருளை மட்டும் வாங்கும் மருத்துவமனைக்கு மிஞ்சுவது இன்னுமோர் அலர்ட். ஏற்கெனவே நூறு அலர்ட்டுகளைத் தள்ளிவிட்டு வேலை பார்க்கும் மருத்துவர் அதையும் தள்ளிவிடுவார்.

நியூஜெர்சியின் கேம்டன் நகர அனுபவம் இன்னும் கசப்பானது. அங்கே தரவுகளை வைத்து, அடிக்கடி மருத்துவமனையில் சேர்வோரைக் கண்டறிந்து, செவிலியரையும் சமூகப் பணியாளரையும் அவர்களிடம் அனுப்பினார்கள். 2020-ல் வெளியான ஆய்வின்படி, உதவி பெற்றவர்களில் 62.3 சதவீதத்தினர் 180 நாட்களுக்குள் மீண்டும் சேர்ந்தனர், பெறாதவர்களில் 61.7 சதவீதம். வீடில்லாதவருக்கு வீடும், போதைக்கு அடிமையானவருக்குச் சிகிச்சையும் கிடைக்காத ஊரில் ஆளைக் கண்டுபிடித்து மட்டும் என்ன செய்வது?

உதவி தேவைப்படுவோரைத் தேர்ந்தெடுக்கும்போது நோயை எதைக்கொண்டு அளக்கிறோம் என்ற கேள்வியும் உண்டு. அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணிப்பு முறை, மருத்துவச் செலவையே நோயின் அளவாக எடுத்துக்கொண்டது. சிகிச்சைக்குக் குறைவாகவே செலவிடப்பட்டதால் கறுப்பினத்தவர், நோய் முற்றியிருந்தும் உதவிப் பட்டியலில் பின்தள்ளப்பட்டதை 2019-ல் ஓர் ஆய்வு வெளிக்கொணர்ந்தது.

எனவே, இத்தகைய மென்பொருளுக்குப் பணம் ஒதுக்கும் அரசுகள் அதே உத்தரவிலேயே ஆரம்ப சுகாதார மருத்துவருக்கும் மனநல, போதைமீட்பு சிகிச்சைக்கும் நிதி ஒதுக்க வேண்டும். மென்பொருள் தரும் குறிப்பு சிகிச்சை அளிப்பவர்களிடம் மட்டுமே போகவேண்டும். கட்டணத்தை மறுக்கும் மேசைக்கு அது போவதைச் சட்டம் போட்டே தடுக்க வேண்டும்.