பழைய வண்டியும் பழுதுச் செலவும்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று எந்தத் தெருவில் நடந்தாலும், பத்துப் பதினைந்து ஆண்டு வயதான கார் ஒன்று வீட்டு வாசலில் நிற்பதைக் காண்கிறோம். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையில் வாங்கியதாக இருக்கலாம். வெளிநாடு சென்ற மகன் விட்டுச் சென்றதாகவும் இருக்கலாம். ஞாயிறு திருப்பலிக்கும், மாதமொரு முறை மருத்துவரைக் காண்பதற்கும், உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் அது உதவுகிறது. ஒரு நாள் அது பட்டறைக்குப் போகிறது. மெக்கானிக் துண்டுத் தாளில் 45,000 ரூபாய் என்று எழுதித் தருகிறார். அன்றிரவு அவ்வீட்டில் எழும் வாதம் நம் வாசகர் பலருக்கும் புதியதன்று. "விற்றாலே 80,000தான் தேறும், அதற்குப் பாதிக்கு மேல் செலவா?" என்பார் மகன். "ஓடுகிற வண்டியை எதற்கப்பா தள்ளிவிடுவது?" என்பார் தந்தை.

மகனின் கேள்வி அறிவார்ந்ததாகத் தோன்றினும், அது வண்டி வாங்கி விற்கும் தரகருக்கு உரிய கேள்வி என்பதே நம் கருத்து. வீட்டார் கேட்க வேண்டியது வேறு. இந்த 45,000 ரூபாய் இன்னும் எத்தனை மாத ஓட்டத்தைத் தரும்? அதே ஓட்டத்தை வேறு வழியில் பெற என்ன செலவாகும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 லட்ச ரூபாய்க்குப் புதிய சிறிய கார் ஒன்றை வாங்குவதாகக் கொள்வோம். மோட்டார் காப்பீட்டில் வண்டியின் மதிப்பைக் குறிக்க ஒரு தேய்மான அட்டவணை உண்டு. ஓராண்டு கடந்தால் 20 விழுக்காடும், ஈராண்டு கடந்தால் 30 விழுக்காடும், மூவாண்டு கடந்தால் 40 விழுக்காடும் அதில் கழிகின்றன. அதாவது மூவாண்டு முடிந்ததும் அந்த 6 லட்சம் 3,60,000 ஆகிவிடுகிறது. ஆண்டுக்கு 80,000 ரூபாய், வண்டி வாசலில் சும்மா நின்றாலும் கரைகிறது. கடனுக்குரிய வட்டி இதில் சேரவில்லை. பழைய வண்டிக்குச் செலவிடும் 45,000 இரண்டாண்டு ஓட்டம் தருமாயின் ஆண்டுக்கு 22,500தான். ஆறு மாதத்தில் அடுத்த செலவு வந்து நிற்குமாயின் அதுவே ஆண்டுக்கு 90,000 என்ற கணக்காகும். ஆகவே, விடை பழுதுத் தொகையில் இல்லை. அத்தொகை வாங்கித் தரும் காலத்தில் இருக்கிறது.

அக்காலத்தை எவ்வாறு அறிவது? தேய்வது வேறு, அரிப்பது வேறு. கிளட்ச், பிரேக், ஷாக் அப்சார்பர், பேட்டரி, டயர் ஆகியவை தேய்வதற்கென்றே அமைந்தவை. புதிய வண்டியிலும் அவற்றுக்குக் காலம் வரும். மாற்றிவிட்டால் அந்தக் கவலை பல ஆண்டுகளுக்குத் தீர்ந்தது. இவற்றின் பட்டியல் நீளமாக இருப்பது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது துரு.

இதை நம் பகுதியில் பிறந்த ஒரு வண்டியைக் கொண்டே விளக்கலாம். தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் அங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் செய்யப்பட்டது. பாரியர்களும் மருத்துவர்களும் பேராசிரியர்களும் விரும்பி ஓட்டிய 948 சி.சி. வண்டி அது. இங்கிலாந்தில் இதன் மூல வண்டியை உருவாக்கிய காலத்தில், அந்நிறுவனத்துக்கு உடற்பகுதி செய்து கொடுத்துவந்த ஆலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. வேறு வழியின்றி, தனி அடிச்சட்டம் ஒன்றைச் செய்து, உடலைத் துண்டு துண்டாக்கிப் போல்ட் போட்டு அதன்மேல் இணைத்தனர். நெருக்கடியில் பிறந்த இந்த ஏற்பாடு பழுது பார்ப்பவருக்கு வரமாயிற்று. முன்பக்க மூடி மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கித் திறக்கும். மெக்கானிக் டயர்மேல் அமர்ந்தே எஞ்சினில் வேலை செய்யலாம். ஒரு பகுதி துருவேறினால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். நான்கு கதவுள்ள ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது என்பது உபரிச் செய்தி. நம் குடும்பங்களின் அளவை அறிந்தவர் செய்த மாற்றம் போலும்!

இன்றைய கார்கள் அப்படிப்பட்டவை அல்ல. மாருதி 800 முதற்கொண்டு நம் தெருக்களில் ஓடும் சிறு கார்களில் தனி அடிச்சட்டம் கிடையாது. தகடுகளை அழுத்தி வடிவாக்கிப் பற்றவைத்த கூடே வண்டியின் முதுகெலும்பு. எனவே துரு எங்கே பிடித்திருக்கிறது என்பதே முக்கியம். கதவின் கீழ்விளிம்பிலும் மட்கார்டிலும் தோன்றும் துரு அழகைக் கெடுப்பது, அவ்வளவே. கதவுக்கு அடியிலுள்ள நீள் பெட்டிப் பகுதி, மிதியடிக்குக் கீழுள்ள தரை, முன்சக்கர ஷாக் அப்சார்பர் உடலோடு பொருந்தும் மேடை ஆகிய மூன்றும் அரித்திருந்தால் வேறு பேச்சுக்கே இடமில்லை. வண்டியை மேலே தூக்கச் சொல்லி, ஸ்குரூ டிரைவரின் பிடியால் அவ்விடங்களைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணீரென்ற ஒலிக்குப் பதில் மந்தமான ஒலி எழுந்து பொருக்கு உதிருமானால், எஞ்சின் எவ்வளவு இனிதாக ஓடினாலும் அவ்வண்டிக்குச் செலவிடலாகாது. டிங்கரிங் செய்பவர் தகடு வைத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்துத் தருவார். பார்வைக்குப் புதிதாகத் தெரியும். ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளுக்கு நடுவே அதில் பேரக்குழந்தைகள் அமர்ந்து வருகின்றனர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது உதிரிபாகம். ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985இல் பெரிய ஆர்ப்பாட்டத்தோடு ஸ்டாண்டர்டு 2000 என்ற ஆடம்பரக் காரைக் கொண்டுவந்தது. 1988இல் உற்பத்தியே நின்றுபோயிற்று. வாங்கியவர்கள் உதிரிபாகத்துக்கு அலைந்தனர். அதே சாலையில் இன்னும் தெற்கே, மறைமலை நகர் ஃபோர்டு ஆலை உள்நாட்டுக் கார் உற்பத்தியைக் கைவிடுவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022இல் நிறுத்தியது. பராமரிப்பும் உதிரிபாகமும் தொடரும் என்று நிறுவனம் உறுதி கூறியது. எஞ்சின் செய்வதற்காக அவ்வாலை 2029இல் மீண்டும் இயங்கும் என 2025இல் அறிவிப்பும் வந்தது. பழைய வண்டிக்காரருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. இத்தகைய வண்டி வைத்திருப்போர் வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன், தேவையான பாகம் கையில் இருக்கிறதா, எத்தனை நாளில் வரும், விலை என்ன என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். புதுப்பேட்டையில் கிடைக்காதது இல்லை என்பார்கள். கண்ணாடி, கதவு, விளக்கு, இருக்கை போன்றவற்றை அங்குப் பழையதாகத் தேடுவதில் தவறில்லை. பிரேக், ஸ்டியரிங் தொடர்பானவற்றைப் பழையதாக வாங்குதல் கூடவே கூடாது.

வெள்ளத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்சென்னைப் புறநகர் மக்கள் அதே துன்பத்தைக் கண்டனர். மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மக்கள் மேம்பாலத்தின்மேல் கார்களை வரிசையாக நிறுத்துவதைக் கண்டு சிலர் சிரித்தனர். நாம் சிரிக்க மாட்டோம். நீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டு இயக்கிப் பார்ப்பதே பெருங்கேடு. எஞ்சினுக்குள் புகுந்த நீர் அழுந்தாது. உள்ளிருக்கும் தண்டு வளையும். நீர் இருக்கை வரை ஏறியிருந்தால், உலர்த்திச் சரிசெய்த பின்னும் மின்கம்பி இணைப்புகள் மாதங்கள் கழித்துப் பச்சைக் களிம்பேறிப் பழுதாகும். ஹெரால்டு காலத்து வண்டியை வெயிலில் காயவைத்து ஓட்டிவிடலாம்; எஞ்சினையும் காற்றுப்பையையும் மின்னணுப் பெட்டி ஆளும் இக்கால வண்டிக்கு அது பொருந்தாது. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் முழு இழப்பாகக் கொள்ளலாம் என்ற விதி இருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய பழைய வண்டிக்கு அதை ஏற்றுக்கொண்டு பணத்தைப் பெறுவதே மேல்.

அரசுக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்க. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; பின்னர் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். காருக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆக உயர்த்தப்பட்டது. மாநிலத்தின் பசுமை வரி தனி. 14 வயது வண்டிக்குப் பெருஞ்செலவு செய்வோர், அடுத்த ஆண்டின் இச்செலவையும் அந்த 45,000த்தோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

மாதம் நான்கைந்து முறைக்கு மேல் வண்டியை எடுக்காத வீடுகளுக்கு மூன்றாவது வழியொன்றும் உண்டு. வண்டியே வேண்டாம் என்பது அது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்ரயில் ஓடுகிறது. மருத்துவமனைக்கு ஆட்டோவோ வாடகைக் காரோ வாசலுக்கே வருகிறது. காப்பீடும் பராமரிப்பும் பழுதும் ஆண்டுக்கு விழுங்கும் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, அதில் எத்தனை முறை வாடகைக் காரில் போய் வரலாம் என்று வீட்டில் மூத்தவர்களே கணக்கிடட்டும். மகனும் மருமகளும் முடிவு செய்து அறிவிப்பதைவிட அது நன்று. இருபதாண்டு ஓட்டிய சாவியைக் கொடுப்பது எளிதான செயலன்று.

அவ்வாறு கொடுத்துவிட முடிவு செய்தால், எடைக்கு எடை இரும்பு விலைக்குப் பேசி இழுத்துச் செல்பவரிடம் விட்டுவிடாதீர்கள். ஆர்.சி. உங்கள் பெயரிலேயே நிற்கும். அவ்வெண்ணில் வேறு வண்டி ஓடினால் அபராதமும் வழக்கும் உங்கள் முகவரிக்கே வரும். அரசு பதிவு பெற்ற வண்டி உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்து, அதற்குரிய சான்றிதழைப் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவை நீக்கச் செய்து, அத்தாளை வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.