ஜப்தியும் சரியான மனுவும்

கடன்பட்டவர் வீட்டில் அமீனா ஜப்தி செய்துவிட்டால், தனி வழக்கொன்று தொடுக்க வேண்டுமென்றே நம் அங்கத்தினர்களில் பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் இது வீண் செலவு; காலமும் கடந்துவிடும். டிக்ரியை நிறைவேற்றும் கோர்ட்டிலேயே மனுச் செய்வதுதான் முறை. எந்த மனு என்பதோ, பொருள் யாருடையது என்பதைப் பொறுத்தது.

ஒரு நெசவாளரை எடுத்துக்கொள்வோம். தனியாரிடம் பட்ட கைக்கடனுக்காக அவருடைய தறியும், சங்கம் நெய்யக் கொடுத்த நூலும் ஒருங்கே ஜப்தியாகின்றன. வீடு ஒன்று; மனுவோ இரண்டு.

தறி கடனாளியுடையது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு, கைத்தொழிலாளரின் கருவிகளை ஜப்தியினின்று விலக்கியுள்ளது. விவசாயியானால், பிழைப்புக்குத் தேவையென்று கோர்ட் கருதும் உழுகருவிகள், மாடுகள், விதைத் தானியம் ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு. இவ்விலக்கை விட்டுக்கொடுப்பதாகக் கடன் பத்திரத்தில் கையொப்பமிட்டிருப்பினும் அது செல்லாது என்பது 1976-ஆம் ஆண்டுத் திருத்தம். இந்த ஆட்சேபணையைக் கடனாளியே 47-வது பிரிவின்கீழ் எழுப்ப வேண்டும். அப்பிரிவு தனி வழக்குக்கு இடங்கொடுப்பதில்லை.

நூல் சங்கத்தினுடையது. ஆகவே சங்கமே 21-வது கட்டளை, 58-வது விதியின்கீழ் உரிமை கோர வேண்டும். நூல் வழங்கிய பதிவேடே அதற்குத் தக்க சான்று. தோற்றவர் ஓராண்டுக்குள் தனி வழக்குத் தொடுக்கலாம் என்று பழைய அனுபவஸ்தர்கள் கூறுவதுண்டு. அது 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முந்திய நிலை. இன்று விசாரணைக்குப்பின் பிறக்கும் உத்தரவு டிக்ரிக்கு ஒப்பானது. அதன்மேல் அப்பீல்தான் வழி.

தாமதம் பெருங்கேடு. பொருள் ஏலம் போனபின் 58-வது விதியின்கீழ் மனு ஏற்கப்படமாட்டாது. வீடும் நிலமும் ஏலம் போயிருந்தால், விதிக்கப்பட்ட தொகையைக் கட்டியோ, ஏலத்தில் நேர்ந்த மோசடியையும் முறைகேட்டையும் அவற்றால் விளைந்த பெருநஷ்டத்தையும் காட்டியோ, ஏலத்தை ரத்துச் செய்யக் கோர 60 நாட்கள் உண்டு. தறி, நூல் போன்ற அசையும் பொருள்களுக்கு அவ்வசதி இல்லை. முறைகேட்டால் நஷ்டமடைந்தவர் நஷ்டஈட்டுக்கு வழக்காடுவதே மிஞ்சும்.

சங்கப் பாக்கிக்காகக் கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் நடக்கும் ஜப்தி வேறு; அதன் ஆட்சேபணையை அதை நடத்தும் அதிகாரியிடமே முதலில் தெரிவிக்க வேண்டும்.

நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. தம் நூலுக்காகக் கோர்ட்டுக்கு விரையும் சங்கம், அங்கத்தினரின் தறியைப் பற்றி நமக்கென்ன என்று இருந்துவிடுவது முறையன்று. அதே நாளில் வக்கீலைக் கொண்டு அவருடைய மனுவையும் எழுதுவித்தல் சங்கத்தின் கடமை என்பது என் கருத்து. நூலை மீட்டுத் தறியை இழந்தால், அந்நூலை நெய்வார் யார்?